வாய்க்கால் கரையே வழி: கொங்கு நாட்டில் முதல் மண்பாதை சைக்கிள் பயணம்

ஈரோட்டிலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் லாரியும் பஸ்ஸும் தோளை உரசிக்கொண்டு போகின்றன. ஆசையாக சைக்கிள் வாங்கிய பலர் இரண்டாவது வாரமே அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுவது இந்தப் பயத்தால்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஹாரன் சத்தம் எட்டாத நீண்ட மண்பாதைகள் இருக்கின்றன. பவானி ஆற்றுத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால்களின் கரைகள்தாம் அவை.

முதலில் வாய்க்காலைப் படியுங்கள்

கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர் அணையில் புறப்பட்டு, கோபி, பெருந்துறை, காங்கேயம் வட்டாரங்களின் வழியே கரூர் மாவட்டம் வரை போகிறது. நீளம் 124 மைல், அதாவது 200 கிலோமீட்டர். நிலத்தின் சம உயரத்தை ஒட்டி வெட்டப்பட்டது என்பதால் மேடு குறுக்கிட்டால் சுற்றிக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத சரிவில்தான் தண்ணீர் நகர்கிறது. தண்ணீர் ஏறாத மேட்டைக் கரையில் போகும் நீங்களும் ஏற வேண்டியதில்லை. புதிதாக ஓட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாதை வேறு எங்கே கிடைக்கும்?

காலிங்கராயன் வாய்க்கால் அதைவிட மிகப் பழையது. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டியது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் அணைக்கட்டிலிருந்து பிரிந்து, சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து நொய்யலைச் சேர்கிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வெட்டினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், அந்த வளைவுகளால்தான் தண்ணீர் வேகம் அடங்கி, நேராக வெட்டியிருந்தால் எட்டாத வயல்களையும் எட்டுகிறது. மஞ்சளும் கரும்பும் வாழையுமாக அந்தக் கரை கண்ணை நிறைக்கும். ஆனால் ஈரோடு நகருக்குள் போகும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். கழிவுநீரும் நெருக்கடியும் முதல் பயணத்துக்கு ஆகாது. பாசூர், ஊஞ்சலூர் பக்கம் போய்த் தொடங்குங்கள்.

கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை என்று இரண்டு வாய்க்கால்கள் பிரிகின்றன. கோபிக்காரர்களுக்கு அவை வாசலிலேயே இருக்கின்றன.

வீட்டிலிருந்தே பாதையைக் கண்டுபிடிப்பது

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து செயற்கைக்கோள் காட்சிக்கு மாற்றுங்கள். பெருந்துறைப் பக்கம் பார்த்தால் ஒரு புறம் அடர்ந்த பச்சையும் மறுபுறம் வெளிறிய பழுப்புமாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் கோடுதான் கீழ்பவானி வாய்க்கால். பச்சை என்பது ஆயக்கட்டு, அதாவது வாய்க்கால் தண்ணீர் பாயும் நிலம்; பழுப்பு என்பது மேட்டுப் புஞ்சை. பெரும்பாலும் பச்சைப் பக்கத்துக் கரைதான் உயர்த்திக் கட்டப்பட்டு, அதிகாரிகளின் ஜீப் போகும் அளவுக்கு அகலமாக இருக்கும். அதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அந்தக் கோட்டில் 10 கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போக 10, வர 10. தார்ச்சாலை வாய்க்காலைக் கடக்கும் பாலங்களை எல்லாம் குறித்துவையுங்கள். வழியில் உடம்புக்கு முடியாவிட்டால் ஊருக்குள் போக உதவுபவை அவைதாம். அதே பாலங்கள்தான் ஆபத்தான இடங்களும்: மண்பாதையின் அமைதியில் லயித்து வந்தவர், குறுக்கே லாரி வருவதைக் கவனிக்க மாட்டார். ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

அறச்சலூர்ப் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கூடுதல் வரவு உண்டு. அங்கே நாகமலையில் தமிழ் பிராமி எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. சற்று ஓய்வெடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.

பவானிசாகரை ஒட்டிய மேல்பகுதிக்கு மட்டும் தொடக்கத்தில் போகாதீர்கள். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் காடு அங்கே பக்கம். அதிகாலையும் அந்தியும் யானை இறங்கும் நேரம்.

எப்போது போவது

ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானியில் நன்செய்ப் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை சேறாகிவிடும். செம்மண் இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும், களிமண் ஒட்டினால் சக்கரமே சுற்றாது. ஈரத்தில் ஓட்டினால் உங்கள் டயர் போட்ட பள்ளத்தில் மறுமழைத் தண்ணீர் நின்று கரையை அரிக்கும். ஆகவே மழைக்குப் பிறகு பொறுத்திருந்து போங்கள். மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை மிகச் சிறந்த காலம்: மண் இறுகியிருக்கும், காலைப் பனி இருக்கும், மஞ்சள் அறுவடைக்கு ஆள் நடமாட்டமும் இருக்கும்.

ஆனி, ஆடியில் போவதென்றால் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று இங்கே சைக்கிளையே நிறுத்திவிடும். காலையில் மேற்கு நோக்கி, அதாவது தண்ணீர் வரும் திசையை எதிர்த்துப் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளும்.

எந்த சைக்கிள்

மண், சரளைப் பாதைக்கென்றே செய்யப்படும் விலை உயர்ந்த கிராவல் சைக்கிள் தேவையில்லை. நம் தாத்தாக்கள் மூட்டை கட்டி ஓட்டிய கறுப்பு சைக்கிளின் டயர் அகலம் 1½ அங்குலம், கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். இன்றைய கிராவல் சைக்கிளுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். உங்கள் டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

காற்றை மட்டும் தார்ச்சாலைக்கு அடிப்பதுபோல இறுக்கி அடிக்காதீர்கள். 70 கிலோ எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தத்தை 40 பிஎஸ்ஐ (பம்பு மானியில் காட்டும் அளவு) சுமாராக வைத்துத் தொடங்கலாம். டயர் கல்லின் மீது துள்ளினால் கொஞ்சம் இறக்குங்கள். கல்லில் மோதும்போது ரிம் இடித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டு பயணத்தில் உங்களுக்கான அளவு பிடிபட்டுவிடும்.

கரையில் ஓட்டும் முறை

டிராக்டர் போன இரண்டு தடங்களும் நடுவே புல்லும் இருக்கும். தண்ணீருக்குத் தள்ளி இருக்கும் தடத்தையே எப்போதும் பிடியுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்துப் பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சரளையில் திரும்பிக்கொண்டே முன் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். மணல் திட்டு வந்தால் எளிய கியருக்கு மாறி, ஹேண்டிலை இறுக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

தண்ணீரில் இறங்காதீர்கள். மேலே அசைவில்லாததுபோல் தெரியும், உள்ளே இழுப்பு பலமாக இருக்கும். கரைச் சரிவு வழுக்கும், பிடித்து ஏற எதுவும் இருக்காது. நீச்சல் தெரிந்தவர்களும் ஆண்டுதோறும் இங்கே மூழ்கி இறந்துபோகிறார்கள். முகம் கழுவ வேண்டுமென்றால் படித்துறை இருக்கும் இடத்தில் மட்டும் கழுவுங்கள்.

எதிரே ஆடு மேய்ப்பவர் வந்தால் இறங்கி நின்றுவிடுங்கள். மணியடித்தால் ஆடுகள் சிதறித் தண்ணீரில் விழும். படித்துறையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தால் படம் எடுக்காதீர்கள், அங்கே நிற்காதீர்கள். மதகில் கை வைக்கவே கூடாது. கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். 2,07,000 ஏக்கர் அந்த முறையை நம்பியிருக்கிறது. கரையைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் எதிர்ப்பட்டால், “அண்ணா, மேலே பாதை எப்படி இருக்குங்க?” என்று கேளுங்கள். எங்கே கரை அரித்திருக்கிறது, எங்கே வேலை நடக்கிறது என்று வரைபடத்தில் இல்லாத செய்தியெல்லாம் அவர் சொல்வார். அவர் மைல் கணக்கில் இடம் சொல்வார். வாய்க்காலை அளந்தது மைலில்தான். உங்களுக்கு உதவி தேவைப்படும்போதும் மைலையும் பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொன்னால் ஆள் உடனே வந்துசேரும்.

திரும்பும் வழியில் இட்டேரி ஒன்றில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் பழைய வண்டிப்பாதையில், நுழைந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டி போகும் அகலம், வேலிக்குள் மைனாவும் கௌதாரியும். சாலை போட வேலியை வெட்டுவதால் இட்டேரிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. இருக்கும்போதே அதில் ஓட்டிவிடுங்கள்.

முள்

கொங்கு மண்ணில் பஞ்சர் நிச்சயம் வரும். வேலிக்காத்தான், நெருஞ்சி, கிளுவை என்று மூன்றும் காத்திருக்கின்றன. மாற்று ட்யூப் ஒன்று, டயர் லிவர் இரண்டு, கைப்பம்பு, சொலுஷன், ஒட்டு, இவ்வளவும் பையில் இருக்கட்டும். வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை ட்யூப் மாற்றிப் பழகிய பிறகே கரைக்குப் போங்கள்.

பஞ்சரானதும் புது ட்யூப்பை அவசரமாகப் போட்டுவிடாதீர்கள். கைக்குட்டையை டயரின் உட்புறம் முழுக்கச் சுற்றித் தடவுங்கள். முறிந்து உள்ளே நிற்கும் முள் நூலைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்தாமல் இன்னொரு சுற்று தடவுங்கள், வேலிக்காத்தான் கிளையில் ஏறியிருந்தால் இரண்டு மூன்றாவது இருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு ட்யூப்பைப் போட்டு, காற்றைப் பாதி அடித்து, டயர் ரிம்மில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். எடுத்த முள்ளைப் பாதையில் போடாமல் வேலியோரம் எறிந்துவிடுங்கள். அந்தக் கரையில் வெறுங்காலில் நடப்பவர்கள் இருக்கிறார்கள்.