அம்பாவும் த்ராஷும்: ஆல்பம் பதியும்போது சறுக்கும் இடங்கள்

மண்டபம் பக்கம் கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாவை முதன்முதலாக த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக ராக் இசையோடு சேர்த்தபோது, கிட்டார், டிரம்ஸ் எல்லாம் பதிந்து முடித்துவிட்டு, நடுவில் கொஞ்சம் இடம் விட்டு அங்கே அம்பாவைச் செருகினோம். கேட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்கு ஒட்டவே இல்லை. குழம்பை இறக்கி வைத்த பிறகு மீனைப் போட்ட மாதிரி இருந்தது.

இந்தக் கலப்பில் பலரும் செய்யும் முதல் தவறு இதுதான். 1996 ஆல்பத்துக்காக செபுல்ச்சுரா என்ற மெட்டல் இசைக்குழு, பிரேசிலில் ஷவாந்தே பழங்குடி மக்களின் ஊருக்கே போய் அவர்களோடு உட்கார்ந்து பதிந்தது. நாட்டுப்புறப் பகுதியை முதலில் பதியுங்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, அதற்குப் பின்னால் வரட்டும்.

அடுத்தது கிளிக், அதாவது வேகம் பிசகாமல் இருக்கக் காதில் விடும் தாளச் சத்தம். த்ராஷ் நிமிடத்துக்கு 180, 200 அடி என்று ஓடும். அதற்காக அம்பா பாடுபவரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி டிக் டிக் என்று விடக்கூடாது. வலை கனக்கும்போது அம்பா இழுபடும், மீன் தங்கும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் பாட்டின் உயிர். கிளிக் இல்லாமல் பாடவிட்டு, பிறகு ஒவ்வொரு இழுப்பையும் குறித்து எந்த இடத்தில் என்ன வேகம் என்று காட்டும் டெம்போ மேப் போடுங்கள். ஒரு இழுப்புக்குள் டிரம்ஸ் நாலு அடியோ எட்டு அடியோ ஓடலாம். அம்பா தன் நடையில் போகும், த்ராஷும் வேகம் குறையாது. நையாண்டி மேளத்துக்கும் இதே கவனம் வேண்டும். தகிட என்று மூன்றாக நடக்கும் அடியைக் கணினியில் குவான்டைஸ் போட்டு நாலின் கட்டத்தில் தள்ளினால் ஆட்டம் செத்துவிடும்.

பறையை ஏசி அறைக்குள் கொண்டுபோய், காய்ச்சாமல் பதிவதும் நடக்கிறது. நம் கடற்கரை ஈரத்தில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். காலையில் அடித்த டேக்கும் மதியம் அடித்த டேக்கும் ஒட்டாது. வெளியே நெருப்பு மூட்டி, ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் காய்ச்ச நேரம் கொடுங்கள். அதை வீண் நேரம் என்று எண்ணி அவசரப்படுத்தியவர்களில் நானும் ஒருவன். அந்த டேக்குகள் எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

நாதஸ்வரத்தின் சுருதி கருவியோடு பிறந்தது. வாயில் வைத்து ஊதும் சீவாளியால் கொஞ்சம் அசைக்கலாம், அவ்வளவுதான். கிட்டாரை இஷ்டத்துக்கு இறக்கி வைத்துக்கொண்டு “அண்ணே, இதுக்குச் சேருங்க” என்று வாசிப்பவரிடம் கேட்பது நியாயமில்லை. கிட்டாருக்குத் திருகாணி இருக்கிறதே, அதைத் திருகுங்கள்.

மிக்ஸில் ரிதம் கிட்டாரை நாலு அடுக்கு ஏற்றினால் குரலும் நாதஸ்வரமும் அதற்குள் புதைந்துபோகும். அவை வரும் இடங்களில் இரண்டு அடுக்கு போதும். கிட்டாரில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறையுங்கள். கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் சத்தத்தை நசுக்கி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மெட்டாலிக்கா இசைக்குழுவின் 2008 ஆல்பம் போதும். அதன் சத்தம் உடைந்து கேட்பதாக ரசிகர்களே முறையிட்டார்கள்.

கரையிலேயே பதிவதானால் காற்றைப் பாருங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மண்டபத்தின் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் பக்கம் அமைதியாக இருக்கும். வாடைக்காலத்தில் இது அப்படியே மாறும். மைக்குக்கு ரோமஉறை கட்டாயம்.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது, பாடியவர்களை ‘பாரம்பரியப் பாடல்’ என்ற இரண்டு சொல்லுக்குள் மறைப்பது. பாட்டு பொதுவாக இருக்கலாம், பாடிய குரல் அவருடையது. 1957 பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாகவே வைத்திருக்கிறது. 2012 திருத்தம், தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையையும் அவருக்குத் தந்தது. பணம் எவ்வளவு, பெயர் எப்படி வரும் என்பதை மைக் போடுவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் பாட்டில் வலை இழுத்துப் பாடியவர்கள் ஒன்பது பேர். ஒருவர் பெயரையும் நாங்கள் போடவில்லை. ஒன்பதையும் ஏற்றித் திருத்திய பிறகுதான் மறுபடி மைக்கைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனோம்.