பேட்டரிக் கனிம நிறுவனங்களில் முதலீடு: கொங்கு முதலீட்டாளருக்கு ஒரு வழிகாட்டி

மின்வாகனங்கள் பெருகப் பெருக அவற்றின் பேட்டரிக்குக் கனிமம் கொடுக்கும் நிறுவனங்களும் செழிக்கும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலோர் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். அந்த எண்ணத்தை முதலில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். 2022 நவம்பரில் சீனச் சந்தையில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் ஏறத்தாழ 6 லட்சம் யுவானுக்கு விற்றது. அடுத்த ஆண்டில் உலகெங்கும் மின்கார் விற்பனை கூடி 1 கோடியே 40 லட்சத்தை நெருங்கியது. ஆயினும் அந்த 2023 முடிவதற்குள் லித்தியம் கார்பனேட்டின் விலை 1 லட்சம் யுவான் அளவுக்கு இறங்கிவிட்டது. 2025-இன் நடுவில் அது 60,000 யுவான் வரை போயிற்று. தேவை ஏறிக்கொண்டே இருந்த காலத்திலேயே விலை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

ஈரோட்டு மஞ்சள் வணிகத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2010-இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதும் நெல், கரும்பு போட்ட வயல்களிலும் மஞ்சள் நட்டார்கள். 2012-இல் விலை 4,000 ரூபாய் அளவுக்கு வந்து நின்றது. சுரங்கத்தில் ஒரே வேறுபாடு காலம்தான். மஞ்சள் விலை போகாவிட்டால் அடுத்த பட்டத்தில் வேறு பயிர் வைக்கலாம். ஒரு சுரங்கமோ தொடங்கவே பல ஆண்டுகள் எடுக்கும், தொடங்கிய பிறகு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும் என்பதால் நட்டத்திலும் தோண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு கனிம நிறுவனத்தின் பங்கை வாங்குபவர், அந்தக் கனிமத்தின் விலைச் சுழற்சியையும் அந்நிறுவனத்தின் உற்பத்திச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். கீழே சொல்லப்படும் சோதனைகள் அனைத்தும் இந்த இரண்டிலிருந்து வருபவை.

எந்தக் கனிமம், எந்த பேட்டரி

லித்தியம்-அயான் பேட்டரியில் இப்போது இரண்டு வகைகள் முதன்மையானவை. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றையும் கேத்தோடில் (பேட்டரியின் நேர்மின்முனை) சேர்த்துச் செய்வது என்.எம்.சி.; இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டு செய்வது எல்.எஃப்.பி. இரண்டாவது வகையில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லை. விலை குறைவு, தீப்பற்றும் வாய்ப்பும் குறைவு என்பதால் இந்த வகை வேகமாகப் பரவி, 2024-இல் உலக மின்வாகன பேட்டரிச் சந்தையில் ஏறத்தாழப் பாதியைப் பிடித்துவிட்டது. இந்தியாவில் ஓடும் மின்கார்களிலும் பெருமளவு இதுவே இருக்கிறது. 2018-இல் டன்னுக்கு 90,000 டாலரைத் தாண்டிய கோபால்ட்டின் விலை அடுத்த ஆண்டே மூன்றில் ஒரு பங்காக விழுந்ததை மறக்கக் கூடாது. காங்கோவில் உற்பத்தி பெருகியது உடனடிக் காரணம்; இந்த விலையில் கோபால்ட்டை நம்பியிருக்க முடியாது என்று பேட்டரி செய்பவர்கள் அதன் பங்கைக் குறைக்கத் தொடங்கியது நீண்டகால விளைவு. விலை மிகுதியாக ஏறும் கனிமம் தனக்கு மாற்றைத் தானே தேடிக் கொடுத்துவிடுகிறது.

லித்தியம் இவ்விரண்டு வகைக்கும் வேண்டும். ஆனோடில் (எதிர்மின்முனை) சேரும் கிராபைட்டும் அப்படியே, ஆனால் அதைப் பேட்டரித் தரத்துக்குச் சுத்திகரிப்பதில் சீனாவின் ஆதிக்கம் மிகப் பெரியது. 2023 டிசம்பர் முதல் அதன் ஏற்றுமதிக்குச் சீன அரசு அனுமதி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நிக்கலில் இந்தோனேசியா 2020-இல் தாது ஏற்றுமதியைத் தடைசெய்து, உருக்காலைகளைத் தன் மண்ணிலேயே வளர்த்து, உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் கைக்கொண்டது. அங்கிருந்து வந்த மலிவான நிக்கலுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பி.எச்.பி. போன்ற பெரிய சுரங்க நிறுவனமே 2024 அக்டோபரில் தன் மேற்கு ஆஸ்திரேலிய நிக்கல் பிரிவை நிறுத்திவைத்தது.

நம் பகுதி முதலீட்டாளர் செம்பிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. கோவையில் பம்பு மோட்டார் செய்பவர்கள் காப்பர் விலையைப் பார்க்காமல் விலைப்பட்டியல் போடுவதில்லை. அந்தச் சந்தை எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பது அவர்களுக்குத் தொழிலாகவே பழகியிருக்கிறது. பெட்ரோல் காரில் 20 கிலோவுக்குச் சற்று மேல் செல்லும் செம்பு, மின்காரில் 50 முதல் 80 கிலோ வரை செல்கிறது. பேட்டரியின் வேதியியல் எப்படி மாறினாலும் கம்பியும் மோட்டாரும் இருந்தே தீரும். மேலும், செம்பை வாங்கித் தொழில் செய்பவர் செம்பு நிறுவனப் பங்கைச் சிறிதளவு வைத்திருந்தால், விலை ஏறும்போது தொழிலில் இழப்பதில் ஒரு பகுதியைப் பங்கில் ஈடுகட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

வளம் வேறு, இருப்பு வேறு

சுரங்கச் செய்திகளில் வரும் பெரிய எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த முதலீட்டில் மிக முக்கியமான பயிற்சி. 2023 பிப்ரவரியில் ஜம்மு-காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் வளம் இருப்பதாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்தது. அந்த அறிவிப்பிலேயே அது ஜி-3 நிலை, அதாவது தொடக்கநிலை ஆய்வில் ஊகிக்கப்பட்ட வளம் என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அங்கே லித்தியம் களிமண் வகைப் பாறையில் இருக்கிறது. அதிலிருந்து வணிக அளவில் பிரித்தெடுக்கும் முறை இன்னும் நிலைபெறவில்லை. ஏலத்துக்குப் போதிய பேர் முன்வராததால் 2024-இல் அது ரத்தாயிற்று. இதற்கிடையே 'இந்தியாவில் லித்தியம்' என்ற தலைப்பை மட்டும் படித்து, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத பங்குகளை வாங்கியவர்கள் உண்டு.

பூமிக்குள் இருப்பதாக மதிப்பிடப்படுவது வளம். இன்றைய விலையில், இன்றைய முறையில், இலாபத்தோடு எடுக்க முடியும் என்று ஆய்ந்து உறுதிசெய்த பகுதி மட்டுமே இருப்பு. ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் வளத்தின் அளவு மட்டும் பெரிதாகப் போடப்பட்டு இருப்பைப் பற்றிய பேச்சே இல்லையென்றால், அது இன்னும் துளையிட்டுப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்திலிருந்து சாத்திய ஆய்வு, சுற்றுச்சூழல் அனுமதி, நிதி திரட்டல், கட்டுமானம் என்று கடந்து உற்பத்திக்கு வருவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆவது இயல்பு. வருமானமே இல்லாத அந்த ஆண்டுகளில் நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டுத்தான் பணம் திரட்டும்; ஒவ்வொரு வெளியீட்டிலும் பழைய பங்குதாரரின் உரிமை கரையும். இத்தகைய தேடல்நிலை நிறுவனங்களைச் சிறு முதலீட்டாளர் தொடவே வேண்டியதில்லை.

உற்பத்தியில் இருக்கும் நிறுவனமென்றால் ஒரு டன்னுக்கு என்ன செலவாகிறது என்பதைத் தேடிப் பாருங்கள். சிலியின் அட்டகாமா உப்புநீரிலிருந்து லித்தியம் எடுப்பவர்களும், ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் போன்ற வளமான பாறைச் சுரங்கத்தில் எடுப்பவர்களும் குறைந்த செலவில் எடுக்கிறார்கள். விலை சரியும்போது அவர்கள் நிற்பார்கள், மற்றவர்கள் மூடுவார்கள். இதற்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் பல பத்தாண்டுகள் அலுமினியம் உருக்கிய மால்கோ ஆலை, உலக விலை சரிந்த 2008-இல் உற்பத்திச் செலவு கட்டுப்படியாகாமல் உருக்குவதை நிறுத்தியது. தாது அருகிலேயே இருந்தது, தேவையும் இருந்தது, செலவுதான் கூடுதலாக இருந்தது.

செலவுக்கு அடுத்தபடியாகக் கடன். இரண்டு மூன்று ஆண்டுகள் விலை படுத்திருந்தாலும் வட்டி கட்டுமளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு அரசு. 2023 ஏப்ரலில் லித்தியத்தில் அரசுக்கே பெரும்பங்கு இருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சிலி அறிவித்தபோது, அங்கே முன்னணியில் இருக்கும் எஸ்.க்யூ.எம். நிறுவனத்தின் பங்கு கடுமையாகச் சரிந்தது. 2025 பிப்ரவரியில் காங்கோ கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திவைத்தது.

இந்தியப் பங்குச்சந்தையில் என்ன கிடைக்கிறது

லித்தியம் வெட்டி எடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் எதுவும் இந்தியப் பங்குச்சந்தையில் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் பல ஏமாற்றங்கள் குறையும். நால்கோ, இந்துஸ்தான் காப்பர், கனிமத் தேடல் நிறுவனமான எம்.இ.சி.எல். ஆகிய மூன்று அரசு நிறுவனங்கள் 2019-இல் சேர்ந்து தொடங்கிய காபில், 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவின் கட்டமார்க்கா மாகாணத்தில் ஐந்து லித்தியம் தொகுதிகளில் ஆய்வு உரிமை பெற்றது. அது ஆய்வு நிலைதான். அதை நம்பி நால்கோ பங்கை வாங்குவது பொருத்தமற்றது. நால்கோவின் வருமானம் அலுமினாவிலும் அலுமினியத்திலும் இருக்கிறது.

இப்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆண்டறிக்கையைத் திறந்து, பிரிவுவாரி வருமானம் என்ற பகுதியில் பேட்டரிக்குரிய பங்கு எவ்வளவு என்று பாருங்கள். மாயில் நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய மாங்கனீசு உற்பத்தியாளர். ஆனால் மாங்கனீசில் மிகப் பெரும்பகுதி எஃகு ஆலைக்குத்தான் போகிறது, ஆகவே அப்பங்கின் போக்கை எஃகுதான் முடிவுசெய்யும். எச்.இ.ஜி., கிராபைட் இந்தியா ஆகியவை செய்யும் கிராபைட் மின்முனைகளும் எஃகு உலைக்கே. பேட்டரி ஆனோடு அவர்களுக்குப் புதிய திட்டம். இந்துஸ்தான் காப்பர் மத்தியப் பிரதேசத்தின் மலஞ்ச்கண்டிலும் ராஜஸ்தானின் கேத்ரியிலும் தாது வெட்டுகிறது. பட்டியலிட்ட நிறுவனங்களில் செம்புச் சுரங்கத்தோடு இவ்வளவு நேராகத் தொடர்புடையது வேறு இல்லை. ஹிண்டால்கோ பெரிய நிறுவனம், அலுமினியமும் செம்பும் இரண்டும் உண்டு.

சுரங்கத்துக்கு அடுத்த படியில் இருக்கும் வேதிப்பொருள் நிறுவனங்களை நான் கூடுதல் கவனத்தோடு படிக்கச் சொல்வேன். நியோஜென் கெமிக்கல்ஸ் லித்தியம் சேர்மங்களும் எலெக்ட்ரோலைட்டும் (பேட்டரியின் இரு மின்முனைகளுக்கிடையே மின்னூட்டத்தைக் கடத்தும் திரவம்), குஜராத் ஃபுளோரோகெமிக்கல்ஸ் எலெக்ட்ரோலைட் உப்பும் பிணைப்புப் பொருளும், ஹிமாத்ரி கரிப்பொருள்களும் செய்யும் நிறுவனங்கள். இவர்களுக்குக் கனிமம் மூலப்பொருள் என்பதால் லித்தியம் விலை இறங்குவது ஒருவகையில் நன்மையே. இவர்களுடைய இடர் சீனப் போட்டியாளரின் விலையிலும், இந்தியாவில் செல் தொழிற்சாலைகள் எவ்வளவு விரைவாக எழும்புகின்றன என்பதிலும் இருக்கிறது. 2025 ஜனவரியில் மத்திய அரசு 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்தை அறிவித்தது. அரசின் ஆதரவு தொடக்கத்துக்கு உதவும். ஆனால் வாங்குபவரோடு ஒப்பந்தம் ஆகியிருக்கிறதா, ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே பணம் போட வேண்டும்.

வெளிநாட்டுப் பங்குகள்

நேரடி லித்தியம் நிறுவனம் வேண்டுமென்றால் வெளிநாடுதான். ஆல்பமார்ல், எஸ்.க்யூ.எம்., 2025 மார்ச்சில் ஆர்காடியம் லித்தியத்தை வாங்கிய ரியோ டின்டோ ஆகியவற்றின் பங்குகள் அமெரிக்கச் சந்தையில் கிடைக்கின்றன. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடிக்கும், அதைக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அமெரிக்க நிறுவனம் தரும் ஈவுத்தொகையில் 25 விழுக்காடு அங்கேயே பிடித்தம் ஆகும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி, அதற்கு முன் விற்றால் உங்கள் வருமான வரம்புக்குரிய வரி. வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்.ஏ. அட்டவணையை நிரப்பாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வர இடமுண்டு. உங்கள் ஆடிட்டரிடம் பங்கு வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு, எப்போது

மொத்தச் சேமிப்பில் 5 விழுக்காட்டுக்கு மேல் இந்தத் துறையில் போட வேண்டாம் என்பேன். நகைக்கடன், மில்லின் ஓ.டி. கணக்கு, தள்ளி எடுத்த சீட்டுப் பணம் ஆகியவை இதற்கு உரியவை அல்ல. ஐந்தாண்டு தூங்கினாலும் தேவைப்படாத பணமே இங்கு பொறுத்திருக்கும். லித்தியம் சுரங்கத்தில் பங்கு, மாதாமாதம் உறுதியான வருமானம் என்று வாட்ஸ்அப்பிலோ மண்டபக் கூட்டத்திலோ யாராவது அழைத்தால் விலகிவிடுங்கள். 2012-இல் பெருந்துறையைச் சுற்றி ஈமு கோழித் திட்டங்கள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் நிலம் விற்ற பணத்தை இழந்தன என்பதை இந்த வட்டாரம் நேரில் கண்டிருக்கிறது. ஆலோசனை சொல்பவரின் பதிவு எண்ணைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இணையதளத்தில் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வாங்குவதற்குரிய காலம், செய்திகளில் அந்தக் கனிமத்தின் பெயரே அடிபடாத காலம். அதிகச் செலவில் எடுப்பவர்கள் சுரங்கங்களை மூடத் தொடங்கியிருப்பார்கள், புதிய திட்டங்கள் தள்ளிப்போடப்பட்டிருக்கும், நல்ல நிறுவனங்கள்கூட இலாபம் குறைந்து காட்டும். அப்போது குறைந்த செலவும் குறைந்த கடனும் உள்ள ஒன்றிரண்டு பங்குகளை ஓராண்டு முழுதும் பிரித்துப் பிரித்து வாங்க வேண்டும். விற்பதற்கு இதன் நேர் எதிரான அடையாளங்களைப் பாருங்கள்: கனிம விலை உச்சத்தில் நிற்கும்போது நிறுவனம் கடன் வாங்கி வேறு சுரங்கங்களை வாங்குவது, இதுவரை ஜவுளியோ சர்க்கரையோ செய்த நிறுவனங்கள் லித்தியத்தில் இறங்குவதாக அறிவிப்பது, இலாபம் மிகப் பெரிதாக இருப்பதால் பங்கின் விலை-வருவாய் விகிதம் (பங்கின் விலையை ஒரு பங்குக்குரிய இலாபத்தால் வகுத்து வருவது) மிகக் குறைவாகத் தெரிவது. கடைசி அடையாளம் புதியவர்களை மிகவும் ஏமாற்றும். சுழற்சித் தொழிலில் அந்த விகிதம் குறைந்திருக்கும் நேரமே பெரும்பாலும் விலையின் உச்சமாக இருக்கிறது. இவற்றில் இரண்டு ஒருசேரத் தெரிந்தால் போட்ட முதலை எடுத்துவிட்டு, இலாபத்தில் வந்த பங்கை மட்டும் அடுத்த காலாண்டு முடிவு வரை வைத்திருக்கலாம்.