கோத்தகிரி சர்வரும் 120 நொடி ஓட்டையும்: ஓப்பன்எஸ்எஸ்எச் அப்டேட் செய்வது எப்படி?

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பசுந்தேயிலைக் கணக்கு பழைய உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை) மெஷினில் ஓடுகிறது. நான் குன்னூரில் வீட்டில் இருந்தபடியே எஸ்எஸ்எச் வழியாக, அதாவது தூரத்திலிருந்தே நெட் மூலம் லாகின் ஆகி, அதைப் பார்த்துக்கொள்கிறேன். அந்த லாகினை சர்வரில் கவனிக்கும் புரோகிராம்தான் ஓப்பன்எஸ்எஸ்எச். உங்களிடமும் அப்படி ஒன்று அப்டேட் பார்க்காமல் கிடந்தால், டெர்மினலைத் திறந்துகொண்டு படியுங்கள்.

ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஓர் ஓட்டை இருப்பதை 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது, ரெக்ரெஷன் என்று பெயர். லாகின் செய்ய வந்தவர் 120 நொடிக்குள் உள்ளே வராவிட்டால் சர்வருக்குள் ஓர் அலாரம் அடிக்கும். அடித்ததும் சர்வர் கையிலிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு லாக் (நடந்ததன் பதிவு) எழுத ஓடுகிறது, அந்த நேரம் பார்த்து மெமரியைக் குலைத்தால் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட், அதாவது மெஷினின் முழு அதிகாரம், கிடைத்துவிடும். 32 பிட் மெஷினில் சராசரியாக 10,000 முயற்சி. 2006-இல் அடைத்த ஓட்டைதான், 2020-இல் புரோகிராமை மாற்றி எழுதும்போது ஒரு வரி தவறிப்போய் மறுபடி திறந்துகொண்டது.

சரி, வேலைக்கு வருவோம். கமாண்டுகளைச் சொல்லும் விதத்தில் எழுதுகிறேன், ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வெர்ஷன். 'டிபிகேஜி ஹைஃபன் எல் ஓப்பன்எஸ்எஸ்எச் ஹைஃபன் சர்வர்' என்று அடியுங்கள் (முதல் ஹைஃபனுக்கு முன்னும் எல்லுக்குப் பின்னும் மட்டும் இடைவெளி). 8.5 முதல் 9.7 வரை சிக்கல், 9.8-இல் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் 22.04-இல் அப்டேட் செய்த பிறகும் 8.9 என்றுதான் காட்டும், ஏனென்றால் உபுண்டுக்காரர்கள் பழைய வெர்ஷனிலேயே ஒட்டுப்போட்டுத் தருகிறார்கள். வெர்ஷன் எண்ணின் கடைசியில் உள்ள வாலைப் பாருங்கள்: 'உபுண்டு0.10' அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அது பத்து, பூஜ்யம் புள்ளி ஒன்று அல்ல, ஆக 0.7-ஐ விடப் புதியது. நான் முதல் தடவை தலைகீழாகப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்து 'சுடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச் ஹைஃபன் சர்வர்'. கான்ஃபிக் (செட்டிங்) ஃபைலை மாற்றவா என்று கேட்டால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு 'சுடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்'. ஏற்கெனவே திறந்திருக்கும் லாகின் அறுந்துபோகாது, அதை மூடவும் மூடாதீர்கள். இன்னொரு விண்டோவில் புதிதாக லாகின் ஆகிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும். ஒருமுறை கான்ஃபிக்கில் ஓர் எழுத்துப் பிழையோடு ரீஸ்டார்ட் செய்து, இருந்த ஒரே விண்டோவையும் மூடிவிட்டேன். மறுநாள் காலை மழையில், எதிரே வரும் வண்டி தெரியாத பனிமூட்டத்தில், கோத்தகிரி பஸ் ஏறிப்போய்த்தான் கீபோர்டு மாட்டிச் சரிசெய்தேன். கான்ஃபிக்கைத் தொட்டால் ரீஸ்டார்ட்டுக்கு முன் 'சுடோ எஸ்எஸ்எச்டி ஹைஃபன் டி' அடியுங்கள் (இடைவெளி விட்டு ஹைஃபன், கடைசி டி 'டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து), பிழை இருந்தால் வரி எண்ணோடு சொல்லிவிடும்.

உடனே அப்டேட் செய்ய வழியில்லையா? கான்ஃபிக்கில் 'லாகின்கிரேஸ்டைம்' என்பதை 0 ஆக்குங்கள், அலாரமே அடிக்காது. ஆனால் எவனாவது இணைப்புகளைத் திறந்து போட்டுக்கொண்டே இருந்தால் சர்வர் நிறைந்து நீங்களே உள்ளே போக முடியாது. அப்டேட் முடிந்ததும் பழைய 120-க்கே மாற்றிவிடுங்கள்.