காபி லிக்யூர்: டிகாஷன் பழகிய கை செய்யும் தவறுகள்

நம் வீடுகளில் காபி போடத் தெரியாதவர் அபூர்வம். காபி லிக்யூர் செய்யும்போது நாம் தடுக்கி விழுவதும் அந்தப் பழக்கத்தால்தான். ஃபில்டருக்கு எதெல்லாம் நல்லதோ அதில் பாதிக்கு மேல் இதற்கு ஆகாது. நைஸாக அரைத்த தூள், சிக்கரி, கொதிக்கும் தண்ணீர், கடைசியில் பால் என்று நான்கையும் நாம் யோசிக்காமலே எடுத்துவிடுவோம். நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். ஒவ்வொரு டிசம்பரிலும் நண்பர்களுக்காக ஒரு ஜாடி போடுவது வழக்கம். ஆரம்பத்தில் வீணாய்ப் போன ஜாடிகளையெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்தால், இந்த நான்கில் ஒன்றாவது அதில் இருந்திருக்கிறது.

முதலில் பொருளைப் புரிந்துகொள்வோம். லிக்யூர் என்றால் இனிப்பும் மணமும் சேர்த்த மது. மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் 1936-இல் தொடங்கிய கலூவா இந்த வகையில் உலகம் அறிந்த பெயர். ரம், காபி, சர்க்கரை மூன்றும்தான் அதன் அடிப்படை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி லிக்யூர் என்று பெயர் போட, பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரையும் 15 சதவீத ஆல்கஹாலும் இருக்க வேண்டும். வீட்டில் நாம் செய்வது, கடையில் வாங்கிய மதுவில் காபியையும் சர்க்கரையையும் கலப்பது மட்டுமே. காய்ச்சி வடிப்பது வேறு விஷயம். அது சட்டவிரோதம், ஆபத்தும்கூட. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தூளில்தான் முதல் தவறு நடக்கிறது. மல்லேஸ்வரத்தில் நான் வாங்கும் கடையில் கொட்டையைக் கண் முன்னால் வறுத்து அரைத்துத் தருவார்கள். தராசில் கொட்டை ஏறியதுமே கடைக்காரரின் இன்னொரு கை சிக்கரி டப்பாவுக்குப் போய்விடும். "சிக்கரி எஷ்டு?" (எவ்வளவு) என்பார். "பேட" (வேண்டாம்) என்று சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் இந்த ஊரில் 20, 30 சதவீதம் என்று சொல்பவர்கள்தான் அதிகம். லிக்யூருக்கு சிக்கரி வேண்டவே வேண்டாம். சிக்கரி ஒரு வேர். காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரையும். அதனால்தான் டிகாஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் இறங்குகிறது. பால் சேரும்போது சிக்கரியின் கசப்பு அடங்கிவிடும். பால் இல்லாத இடத்தில் அது கருகிய வாசனையோடு முன்னால் வந்து நிற்கும், பாட்டிலின் அடியில் வண்டலாகவும் படியும். அவசரத்துக்கு இன்ஸ்டன்ட் தூள் போடுகிறவர்களும் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துவிட வேண்டும். நம் நாட்டு விதிப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதம் இருந்தாலே போதும். மிச்சம் முழுக்க சிக்கரியாக இருக்கலாம்.

கொட்டையில் அராபிகா வாங்குங்கள். சிக்மகளூர், குடகு பக்கத்து ப்ளான்டேஷன் ஏ ரகமோ பீபெரியோ, மிதமான வறுவலில். ரொபஸ்டாவில் காஃபீன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். அரைப்பதைக் கொரகொரப்பாக, ரவைக்கும் பெரிதாகக் கேளுங்கள். ஃபில்டர் காபிக்கான பதத்தில் அரைத்த தூளை ஊறவைத்தால் சேறாகிவிடும். அந்தச் சேற்றை எந்தத் துணியாலும் முழுசாக வடிகட்ட முடியாது.

அடுத்தது சூடு. ஆவி பறக்கும் டிகாஷனில் ரம்மை ஊற்றிக் கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும். சூட்டில் ஊற்றினால் மணமும் வீரியமும் ஆவியாகிப் போகும். அதைவிடப் பெரிய கவலை நெருப்பு. பக்கத்தில் நெருப்பு இருந்தால் 40 சதவீத மதுவின் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே தீப்பற்றும். பெங்களூரில் சாதாரணப் பகலே அந்த அளவு சூடுதான். எரியும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. சர்க்கரைப் பாகை அடுப்பில் வைத்து, அதிலேயே ரம்மையும் ஊற்றச் சொல்லும் குறிப்பு எங்காவது கண்ணில் பட்டால் அதை விட்டுவிடுங்கள்.

உண்மையில் இந்த வேலைக்கு அடுப்பே தேவையில்லை. 100 கிராம் தூளில் 700 மில்லி பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டால் காலையில் பத்து மணிக்கு வடிகட்டலாம். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், அதனால் கையில் கிடைப்பது 500 மில்லிதான். குளிர்ந்த தண்ணீரில் இறங்கும் காபிக்குப் புளிப்பும் கசப்பும் குறைவு. அது லிக்யூருக்கு அப்படியே பொருந்தும்.

எத்தனை நாள் ஊறவைப்பது என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஊறுகாய், வடு மாங்காய் எல்லாம் ஊற ஊறத்தான் ருசி என்று பழகியவர்கள் நாம். காபித் தூளை நேரடியாக ரம்மில் போட்டு மூன்று வாரம், ஒரு மாதம் என்று இருட்டு அலமாரியில் வைக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. நானும் ஒரு வருடம் முப்பது நாள் வைத்தேன். திறந்தபோது வாசனை அருமையாக இருந்தது. ஒரு ஸ்பூன் வாயில் விட்டால், ஆய்ந்து முடிக்காத வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி நாக்கின் இரண்டு ஓரமும் இழுத்துக்கொண்டது. தண்ணீர் தொடாமல் விடும் எண்ணெய்களையும் கசப்பு, துவர்ப்புகளையும் ஆல்கஹால் பிடுங்கி எடுத்துவிடும், அதுவும் வேகமாக. சர்க்கரை போட்டால் சரியாகும் என்று இன்னும் 100 கிராம் போட்டேன். கசப்பு அடங்கியது, துவர்ப்பு அசையவில்லை. முழு ஜாடியும் வீண். ரம்மிலேயே காபியை ஊறவைக்க ஆசைப்பட்டால், தட்டி உடைத்த கொட்டையாகப் போட்டு, 12 மணி நேரத்தில் ருசி பாருங்கள். ஒரு நாளைத் தாண்ட விடாதீர்கள்.

வெனிலாவுக்கு நேர்மாறான கணக்கு. அது மெதுவாகத்தான் இறங்கும், வாரக்கணக்கில் கிடந்தாலும் கெடுக்காது. ஒரு வெனிலாக் காயை நீளவாக்கில் கீறி, காபி போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ரம்மில் போட்டுவிடுங்கள். கர்நாடகத்து மலைப்பகுதிகளிலேயே வெனிலா விளைகிறது. கேக்குக்கு ஊற்றும் செயற்கை எசென்ஸ் வேறு ரகம்: அரை ஸ்பூன் கூடினாலும் மொத்த பாட்டிலும் ஐஸ்கிரீம் வாசனைக்கு மாறிவிடும்.

சர்க்கரையைச் சேர்ப்பதற்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் அவதிதான். பாகு போன்ற கெட்டியான திரவம் காகித ஃபில்டரில் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்காது. முதலில் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். அப்புறம் காகித ஃபில்டர். துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். கடைசி 50 மில்லிக்கு ஆசைப்பட்டுப் பிழிந்தால் அதோடு நைஸ் தூளும் கசப்பும் சேர்ந்து வரும். அதற்கு மேலும் கலங்கலாக இருந்தால் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மதுவில் சரியாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். ரம்மில் கொட்டிவிட்டு நாள்கணக்கில் பாட்டிலைக் குலுக்குவது அதனால்தான் வீண் வேலை. வடிகட்டிய 500 மில்லி காபியில் 400 கிராம் சர்க்கரையைப் போட்டுப் பத்து நிமிடம் கலக்கினால், சூடே இல்லாமல் கரைந்துவிடும். இனிப்பு குறைவாகப் பிடிக்கும் என்றால் 300 கிராம் போடுங்கள். அதற்கும் கீழே போனால் திரவம் நீர்த்து, நாக்கில் நிற்காமல் ஓடிவிடும். வெல்லம் போட்டால் நம் மண்ணின் ருசி வரும் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் வெல்லம் திரவத்தைக் கலங்கலாக்குகிறது, சில வெல்லத்தில் உப்புக் கரிப்பும் இருக்கிறது. சர்க்கரையில் 50 கிராமைக் குறைத்து அந்த அளவுக்கு நாட்டுச் சர்க்கரை போட்டால் அந்த மணம் வரும், தொல்லை வராது.

ரம் எவ்வளவு? இதைக் கண்ணளவில் ஊற்றக் கூடாது. ஓல்ட் மாங்க் உட்பட நம் ஊர் ரம் பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 750 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 321 மில்லி. 500 மில்லி காபியும், கரைந்த பிறகு 240 மில்லி இடம் பிடிக்கும் 400 கிராம் சர்க்கரையும் சேர்ந்தால் மொத்தம் 1,490 மில்லி வரும். அப்படியென்றால் லிக்யூரில் ஆல்கஹால் சுமார் 21.5 சதவீதம். இதே ரம்மில் ஒரு லிட்டர் காபியை ஊற்றினால் 16-க்கு இறங்கிவிடும். குடிக்கும்போது மெலிவாக இருக்கும், நாள்பட வைக்கவும் நம்ப முடியாது. வோட்கா போட்டால் காபி மட்டும் தெரியும். கறுப்பு ரம்மில் இருக்கும் கருகிய சர்க்கரை மணம் காபியோடு சேர்வதால் நான் ரம்மையே எடுப்பேன்.

எந்த மதுவானாலும் உரிமம் பெற்ற கடையில், எக்சைஸ் லேபிள் கிழியாத பாட்டிலாக வாங்குங்கள். லேபிள் இல்லாத மலிவுச் சரக்கு, சர்ஜிகல் ஸ்பிரிட், ஆய்வகத்து ஆல்கஹால் எதுவும் இதற்குக் கூடாது. தொழிற்சாலைக்கான ஆல்கஹாலில் மெத்தனால் கலந்திருக்கலாம். கண்ணையும் உயிரையும் பறிப்பது அதுதான். வடிகட்டினாலும் சர்க்கரை போட்டாலும் அது போகாது.

எல்லாம் கலந்த பிறகு, அன்றைக்கே ருசி பார்த்து முடிவு கட்டாதீர்கள். புதிதில் ரம் தனியாக, காபி தனியாக, இனிப்பு தனியாகத் தெரியும். பத்து நாள் விட்டால் ஒன்றாகும். அதற்கு மேல் மாதக்கணக்கில் காத்திருந்து பயனில்லை. காபியின் மணம் மங்கத் தொடங்கும். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பாலும் க்ரீமும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. காபியின் புளிப்பும் ஆல்கஹாலும் சேர்ந்தால் பால் திரிந்துவிடும். திரியாமல் தப்பினாலும் சில நாளில் கெட்டுப்போகும். குடிக்கும் நேரத்தில், ஐஸ் போட்ட கிளாஸில் குளிர்ந்த க்ரீமை மேலே ஊற்றிக்கொள்ளலாம். இதில் காஃபீன் அப்படியே இருப்பதால் ராத்திரி வெகு நேரம் கழித்து வேண்டாம். காஃபீன் தூக்கத்தை விரட்டும், போதையை இறக்காது. தெளிவாக இருக்கிறோம் என்று நினைத்து வண்டியை எடுத்துவிடக் கூடாது. விற்பதற்கு உரிமம் வேண்டும். ஊருக்குப் போகும்போது ஒரு பாட்டில் எடுத்துப் போகலாம் என்ற ஆசையும் வேண்டாம், வெளிமாநில மது விஷயத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்ததும் சட்டம் கடுமையானது.

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும், வெந்நீரில் கழுவி நன்றாகக் காய்ந்ததாக. ஊறுகாய் இருந்த பாட்டிலின் மூடி ரப்பரில் பூண்டு வாசனை ஒட்டியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. இன்னொன்றும் இருக்கிறது. அதை நான் மறக்கவே முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் அத்தை கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, பாலைக் காய்ச்சி, ஃபிரிட்ஜைத் திறந்திருக்கிறார். இரண்டாவது தட்டில் நாங்கள் டிகாஷன் வைக்கும் அதே மாதிரி கண்ணாடி பாட்டில், உள்ளே அதே கறுப்பு. கால் டம்ளர் ஊற்றி, பாலைச் சேர்த்து, டபராவில் ஆற்றியிருக்கிறார். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை எழுப்பினார். "என்னப்பா, டிகாஷன் கெட்டுப்போச்சா? ஒரு மாதிரி எரியுதே" என்றார். டபராவை வாங்கி மோந்து பார்த்ததும் எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஒரு வாயோடு நின்றது எங்கள் அதிர்ஷ்டம். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை வேறு இருக்கிறது.

அன்றிலிருந்து லிக்யூர் பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போவதில்லை. 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹாலும் இவ்வளவு சர்க்கரையும் இருப்பதால், வெயில் படாத, பூட்டு உள்ள அலமாரியே அதற்குப் போதும். பாட்டிலைச் சுற்றி வெள்ளைக் காகிதம் ஒட்டி, சிவப்பு மார்க்கரில் 'மது' என்று பெரிதாக எழுதி, போட்ட தேதியும் குறித்துவிடுகிறேன். தமிழில் ஒரு பக்கம், கன்னடத்தில் ஒரு பக்கம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கன்னடம் மட்டும்தான் படிக்க வரும்.