சி டிரைவ் சிவந்ததும் செய்யக்கூடாதவை

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை ஸ்டூடியோ, இ-சேவை மையம், மீன் கம்பெனி ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் சி டிரைவ் நிரம்பித் திணறும் கம்ப்யூட்டர் ஒன்றாவது இருக்கும். இடம் பிடிப்பதில் ரெஸ்டோர், பேக்கப் ஃபைல்களுக்கும் பங்கு உண்டு என்பதால் கை முதலில் அங்கேதான் போகிறது. போகட்டும், ஆனால் அழிக்கிற விதம் முக்கியம்.

பலர், ரெஸ்டோர் பாயிண்ட்களை (விண்டோஸின் அந்தந்த நேரத்து நிலையின் பதிவுகள்) எடுத்து வைக்கும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்ததும் அந்த டிரைவின் ரெஸ்டோர் பாயிண்ட்கள் எல்லாம் போய்விடும். அப்புறம் ஒரு பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) மக்கர் பண்ணினால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. அளவைக் குறைத்தாலே போதும். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்து 'கான்ஃபிகர்' அழுத்தினால் 'மேக்ஸ் யூசேஜ்' என்று ஒரு கோடு தெரியும். 256 ஜிபி டிரைவில் 5 சதவீதம் என்றால் சுமார் 12 ஜிபி. கடை கம்ப்யூட்டருக்கு அது தாராளம். அந்த அளவு நிரம்பினால் பழைய பாயிண்ட்களை விண்டோஸே கழித்துக்கொள்ளும்.

ரெஸ்டோர் பாயிண்ட்கள் கிடக்கும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டருக்குள் அனுமதியை மாற்றிப் புகுந்து கையால் அழிப்பது வேண்டாத வேலை. டிஸ்க் கிளீனப்பில் 'கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்தால் வரும் 'மோர் ஆப்ஷன்ஸ்' பகுதியே கடைசி பாயிண்ட்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நீக்கித் தரும்.

பழைய விண்டோஸ் கிடக்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டர் விஷயத்தில் அவசரம் கூடவே கூடாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால் பலரும் 11-க்கு மாறினார்கள். மாறிய பின் பழையதற்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம், அதன்பின் அந்த ஃபோல்டர் தானாகவே நீங்கிவிடும். ஆனால் மெக்கானிக் ஃபார்மட் பண்ணாமல் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால், உங்கள் பழைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் அதற்குள் 'யூசர்ஸ்' ஃபோல்டரில் கிடக்கும். தேவையானதை எடுத்துக்கொண்ட பிறகு, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் வழியாக நீக்குங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் இழக்க வைப்பது, ரெஸ்டோர் பாயிண்ட் இருந்தால் பேக்கப் இருக்கிறது என்ற நினைப்பு. ரெஸ்டோர் பாயிண்ட் என்பது சிஸ்டம் ஃபைல், டிரைவர், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவாகும் இடம்) இவற்றுக்குத்தான். கீழக்கரைக் கல்யாண ஆல்பம் அழிந்தால் சிஸ்டம் ரெஸ்டோர் அதைத் திருப்பித் தராது. ஐஸ் பிளான்ட் கணக்கையும்தான். சரி, டி டிரைவில் ஒரு காப்பி இருக்கிறதே என்பார்கள். பெரும்பாலும் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இடமும் வீண்.

தனி எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கிவிடுங்கள். பாம்பன், மண்டபம் மாதிரிக் கடலோர ஊர்களில் அதை எப்போதும் செருகியே வைக்காதீர்கள். உப்புக் காற்றில் யுஎஸ்பி முனை துருப்பிடிக்கும், கரண்ட் ஏறி இறங்கினால் டிஸ்க்குக்கும் ஆபத்து. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி பிறக்கும் முன், புயல் பயம் தொடங்குவதற்குள், இன்னொரு காப்பியைப் பரமக்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது.

அந்த டிஸ்க்கில் ஃபைல் ஹிஸ்டரி (ஃபைல்களைத் தானாகக் காப்பி எடுக்கும் விண்டோஸ் வசதி) போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். அது ஃபைலின் ஒவ்வொரு பழைய வடிவத்தையும் 'ஃபாரெவர்' என்றே வைத்திருக்கும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'அன்டில் ஸ்பேஸ் இஸ் நீடட்' என்று மாற்றாவிட்டால் டிஸ்க் நிரம்பிப் புது பேக்கப் நின்றுவிடும்.