பிரஷர் இறங்கும்வரை காத்திருக்காதீர்கள்

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி. எங்கள் புளோக்கில் யாருக்கு மயக்கம் வந்தாலும் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். வருபவர் கையில் பிரஷர் மெஷின் இருக்கும். "110 இருக்கு சிஸ்டர், நார்மல்தானே?" நான் முதலில் ஷாக் இருக்கிறதா என்று நோயாளியின் கையைத் தொட்டுப் பார்ப்பேன்.

உறுப்புகளுக்குப் போதிய ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேராத நிலைதான் ஷாக். பிரஷர் இறங்குவது பெரும்பாலும் பிந்தித்தான். அதற்கு முன்பே உடல் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். அதனால்தான் உள்ளங்கை சில்லிட்டு வியர்க்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது.

விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்க வேண்டும். 3 விநாடியைத் தாண்டினால் கவலைப்படலாம். ஏர்கான் அறையில் விரல் ஏமாற்றும். நெஞ்செலும்பின் மேல் அழுத்திப் பாருங்கள். சிறுநீர் கடைசியாக எப்போது போனது, பேச்சு குழறுகிறதா என்றும் கவனியுங்கள். நாடித்துடிப்பு எண் மேல் பிரஷரைத் தாண்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஆனால் பிசோப்ரோலால் போன்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாமலே இருக்கலாம். வழக்கமாக 160 இருப்பவருக்கு 110 என்பது இறக்கம்தான்.

ரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு, வாந்தியால் உடலில் திரவம் குறைவது ஷாக்கில் ஒரு வகை. நம் சிங்கப்பூரில் டெங்கியை மறக்கக்கூடாது. 3 முதல் 7 நாளுக்குள் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்து அப்போதுதான்: ரத்தக்குழாயிலிருந்து திரவம் கசியும். 100/85 என்று மேல், கீழ் எண்கள் நெருங்கி வந்தால், அல்லது வயிற்றுவலியும் விடாத வாந்தியும் இருந்தால் உடனே மருத்துவமனை. டெங்கிக்கு ஐபுபுரூபன், ஆஸ்பிரின் வேண்டாம்.

மாரடைப்பில் இதயமே தளர்ந்துபோவது இன்னொரு வகை. நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது வேறொன்று. கடுமையான கிருமித்தொற்றிலும் ஒவ்வாமையிலும் ரத்தக்குழாய்கள் விரிந்துவிடும். அப்போது கை வெதுவெதுப்பாகவே இருக்கலாம், அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? ஆம்புலன்ஸுக்கு 995 அழையுங்கள், 1777 அவசரமில்லாதவர்களுக்கு. மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முதுகு அல்லது கால் காயம் இருந்தால் உயர்த்த வேண்டாம். மூச்சு வாங்குபவர் சாய்ந்து உட்காரட்டும். ரத்தம் கொட்டினால் துணி வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். ஒவ்வாமைக்காரரிடம் அட்ரினலின் பேனா (பேனா வடிவ அவசர ஊசி) இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் குத்துங்கள், துணி மேலேயே குத்தலாம். அவரை எழுந்து நடக்க விடாதீர்கள். தெம்புக்கு மைலோ கலக்கிக் கொடுக்கும் அத்தைமாரைத் தடுப்பது உங்கள் பொறுப்பு! வாய்வழி எதுவும் கூடாது. ஒருவர் கீழே போய் லிஃப்டைப் பிடித்து வைத்திருக்கட்டும்.

மருத்துவமனையில் சொந்தக்காரர்கள், "ஒரு டிரிப் போட்டா சரியாயிடும்ல?" என்பார்கள். எல்லாருக்கும் இல்லை. ரத்தம் இழந்தவருக்கு ரத்தம் ஏற்றி, கசியும் இடத்தை அடைக்க வேண்டும். கிருமித்தொற்றுக்கு டிரிப்போடு ஆன்டிபயாட்டிக்கும் சீக்கிரம் போக வேண்டும். பிரஷர் நிற்காவிட்டால், ரத்தக்குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து. இதயம் தளர்ந்தவருக்கு டிரிப்பை அள்ளி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால் எது முதலில் தொடங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஆம்புலன்ஸ்காரர்களிடமே சொல்லிவிடுங்கள். மாத்திரைப் பையை அப்படியே கொடுத்தனுப்பினாலும் போதும்.