டைட்டானியம்தானே, தாங்கும் என்று விட்டுவிடாதீர்கள்

டைட்டானியம் சோம்பேறி உலோகம், எதோடும் வினை புரியாது என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. சும்மா விட்டால் உடனே ஆக்சிஜனோடு சேர்ந்துகொள்ளும், அப்படிச் சேர்ந்ததால் மேலே படிந்த சில நானோமீட்டர் ஆக்சைடு படலம்தான் அதைக் கடல்நீரிலும் காப்பாற்றுகிறது. கீறினாலும் படலம் நொடியில் மூடிக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்சம் ஆக்சிஜனோ தண்ணீரோ அங்கே இருந்தாக வேண்டும். இதை மறப்பதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

உதாரணத்துக்குக் குளோரின். ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் அருமையான தேர்வு. அரிப்புக்கு ஈரம்தானே காரணம், அப்படியானால் உலர்ந்த குளோரினுக்கு இன்னும் நல்லது என்று யாராவது கணக்குப் போட்டால் முடிந்தது கதை, குழாயே தீப்பிடிக்கும். உலர்ந்த குளோரினுக்குச் சாதாரண கார்பன் ஸ்டீல்தான் சரி. மெத்தனாலும் இப்படித்தான். 1966இல் அப்போலோ விண்கலத்தின் டைட்டானியத் தொட்டியைச் சோதிக்க, உண்மையான எரிபொருளுக்குப் பதிலாக மெத்தனாலை நிரப்பினார்கள், அழுத்தத்தில் தொட்டி விரிசல் விட்டு உடைந்தது. மெத்தனாலில் ஒன்றிரண்டு சதவீதம் தண்ணீர் கலந்திருந்தாலே இந்த விரிசல் பெரும்பாலும் வராது.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பக்கம் போகவே வேண்டாம், நீர்த்திருந்தாலும் படலத்தைக் கரைத்துவிடும். சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நைட்ரிக் அமிலத்தைத் தாங்கியதால் எல்லா அமிலத்தையும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை.

அடுத்தது இடுக்குகள். உப்புநீர் சுமார் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால், குழாயின் நடுவில் ஒன்றும் ஆகாது, இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட்டுக்கு அடியில் மட்டும் குழி விழும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும், குழாய்களை இணைக்கும் வளையமான ஃபிளேன்ஜைக் கழற்றினால்தான் தெரியும். அங்கே வழக்கமான தூய டைட்டானியமான கிரேடு 2 போதாது, துளி பல்லேடியம் சேர்த்த கிரேடு 7 வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் எனக்குத் தெரிந்து மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இதுதான்.

அப்புறம், நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் பழைய கண்டென்சரில் குழாய்களை மட்டும் டைட்டானியமாக மாற்றிவிட்டு, அவற்றைத் தாங்கும் செம்புக் கலவைத் தகட்டை அப்படியே விடுவது. குழாய்க்கு ஒன்றும் ஆகாது, தகடுதான் அரித்துப் போகும். சரி, தகட்டைக் காப்போம் என்று கத்தோடிக் பாதுகாப்பை, அதாவது அரிப்பைத் தடுக்கும் மின்சாரத்தை, அளவுக்கு மீறிக் கொடுத்தால், குழாய் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கத் தொடங்கும்.

வெல்டிங்கில் காற்றை விலக்கும் ஆர்கான் வாயுவை மேற்புறத்துக்கு மட்டும் கொடுத்தால் போதாது. பின்பக்கமும், டார்ச் நகர்ந்து போன பிறகு இன்னும் சூடாக இருக்கிற பகுதியும் மூடியிருக்க வேண்டும். வெல்ட் வெள்ளி நிறத்தில் இருந்தால் நல்லது, வெளிர் மஞ்சள் பரவாயில்லை, நீலம் வந்தால் சந்தேகப்படுங்கள், சாம்பலோ வெள்ளைத் தூளோ வந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்ட் செய்யுங்கள். நிறத்தைப் பிரஷ்ஷால் தேய்த்து அழித்தால் உள்ளே புகுந்த ஆக்சிஜன் வெளியே வராது. அதிலும் அந்த பிரஷ் ஏற்கெனவே இரும்பைத் தேய்த்ததாக இருந்தால், இரும்புத் துகள் டைட்டானியத்தில் பதிந்து, பின்னாளில் ஹைட்ரஜன் நுழையும் வாசலாகிவிடும்.